ஒரு மனைக்கு ஏன் இத்தனை ஆபீஸ்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நிலக் கணக்கின் கதை

"அது எங்க ஆபீஸ் வேலை இல்ல சார், நீங்க அங்க போய்க் கேளுங்க."

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ முதலீடாக ஒரு மனையோ தோப்போ வாங்கக் கிளம்புகிறவர், முதல் வாரத்திலேயே இந்த வாக்கியத்தை மூன்று இடங்களில் கேட்டுவிடுவார். சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், பட்டா தாலுகா ஆபீஸ் சமாச்சாரம். தாலுகா ஆபீஸில் கேட்டால், பத்திரம் பற்றிய சந்தேகம் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு, உரிமைத் தகராறு கோர்ட்டுக்கு. நகராட்சியில் வீட்டு வரி ரசீது கொடுப்பார்கள், அதற்கு மேல் பேச மாட்டார்கள். லேஅவுட் அனுமதி நகர் ஊரமைப்புத் துறை. பக்கத்தில் கோயில் நிலம் இருந்தால் அறநிலையத்துறை. மலையடிவாரம் என்றால் வனத்துறை. கண்மாய்க் கரை என்றால் நீர்வளத்துறை.

இதை நாம் அலைக்கழிப்பு என்று சொல்கிறோம். லஞ்சத்தையும் சேர்த்துத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அலைக்கழிப்பு உண்டு, லஞ்சமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பகுதியின் பழைய பத்திரங்களையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சட்டங்களையும் கால வரிசையில் வைத்துப் படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. "அது எங்க வேலை இல்ல" என்று சொல்லும் குமாஸ்தா பல சமயம் உண்மையைத்தான் சொல்கிறார். இந்த நிலம் யாருடையது என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதற்காக உருவான அலுவலகம் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் வேறு ஏதோ ஒரு காலத்தில், வேறு ஏதோ ஒரு தேவைக்காக வந்தது. வாங்குகிறவர்தான் அந்தத் துண்டுகளை ஒட்டித் தைக்க வேண்டும்.

அந்தத் துண்டுகள் எப்போது, எதற்காக வந்தன என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரே நிலம், நான்கு மாவட்டம்

முதலில் முகவரி. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் ஒரு நிலத்தின் மூலப் பத்திரங்களை வரிசையாக எடுத்தால், 1910-க்கு முந்தைய பத்திரத்தில் அது திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கும். 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து தாலுகாக்களைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை உருவாக்கினார்கள். அதிலிருந்து 75 ஆண்டு ராமநாதபுரம். 1985-இல் அதையும் பிரித்தபோது காமராஜர் மாவட்டம். 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது விருதுநகர் மாவட்டம். நிலம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

ராஜபாளையத்து நிலத்துக்கு இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய பத்திரங்களில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா. இப்போது ராஜபாளையம் தனித் தாலுகா. கிராமம் நகராட்சி எல்லைக்குள் வந்திருந்தால், பழைய சர்வே நம்பருக்குப் பதிலாக வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர் என்று மூன்று அடுக்கு. பத்திரத்தில் ஒரு நம்பர், பட்டாவில் இன்னொரு நம்பர் என்று பார்த்ததும் "போர்ஜரி" என்று பயப்பட வேண்டாம். பல நேரம் அது வெறும் வரலாறு. சில நேரம் உண்மையிலேயே போர்ஜரிதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த நம்பர்கள் எப்படி மாறின என்று காட்டும் ஒப்பீட்டுக் கணக்கு வேண்டும். அது தாலுகா ஆபீஸில் இருக்கும், ரிஜிஸ்டர் ஆபீஸில் இருக்காது. அலைச்சல் இங்கே தொடங்குகிறது.

வரிக்காகப் பிறந்த பட்டா

1801-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதியின் நிர்வாகம் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனிக்குத் தேவைப்பட்டது வரி. யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி. 1802-இல் நிரந்தரக் குடியமர்வு ஒழுங்குமுறை வந்தபோது, பாளையக்காரர்கள் பலர் ஜமீன்தார்கள் ஆனார்கள். மற்ற இடங்களில், பாராமகாலில் 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் செய்து பார்த்த முறை, மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்தபோது நிலைபெற்றது. அதுதான் ரயத்துவாரி. நடுவில் ஜமீன் கிடையாது, சர்க்கார் நேராகக் குடியானவனிடம் வரி வாங்கும்.

ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும். அதற்கு முன் தென் மாவட்டங்களில் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று சொல்வார்கள். எவ்வளவு விதை பிடிக்குமோ அவ்வளவு நிலம். செழிப்பான இடத்துக்கும் வறண்ட இடத்துக்கும் அந்த அளவு ஒன்றல்ல. 1858-இல் தொடங்கிய சர்வே அதை ஓரங்கட்டிவிட்டு 66 அடிச் சங்கிலியைக் கொண்டுவந்தது. ஒரு சங்கிலிக்கு 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இன்றும் ராஜபாளையத்தில் புரோக்கர் "சென்ட் என்ன விலை?" என்று கேட்கும்போது அந்தச் சங்கிலிதான் பேசுகிறது. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட். பேச்சில் சென்ட், பட்டாவில் ஏர்ஸ், மனைப் பத்திரத்தில் சதுர அடி. கால்குலேட்டர் இல்லாமல் எந்த ஆபீஸுக்கும் போகாதீர்கள்.

அளந்த வயலுக்கு வரி கட்ட வேண்டியவர் யார் என்று எழுதிக் கொடுத்த சீட்டுதான் பட்டா. ஒரு ஆளின் பெயரில் உள்ள எல்லா நிலத்தையும் திரட்டிக் காட்டுவது சிட்டா. எந்த வயலில் என்ன விளைந்தது என்று காட்டுவது அடங்கல். கிராமத்து நிலம் மொத்தத்தையும் சர்வே நம்பர் வரிசையில் காட்டுவது 'அ' பதிவேடு. எல்லாமே வரிக் கணக்குகள். வரி கட்டாத நிலம் கணக்குக்குப் புறம்பே போய்விடும், அது புறம்போக்கு. கண்மாய், ஓடை, பாதை, சுடுகாடு, மந்தை எல்லாம் அதில் விழுந்தன. கணக்கை வருஷா வருஷம் சரிபார்க்கும் ஜமாபந்தி இன்றும் தாலுகா ஆபீஸில் நடக்கிறது. ஆண்டுக் கணக்கும் பழையதுதான். 2025 ஜூலை 1-இல் தொடங்கியது பசலி 1435. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பழைய அடங்கலில் நான்கு இலக்கத்தில் விநோதமான ஆண்டு இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

வரி கட்டுகிறவர் பெரும்பாலும் உரிமையாளராகத்தான் இருப்பார். ஆனால் கட்டாயம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்தச் சின்ன இடைவெளியில்தான் இருநூறு ஆண்டு வழக்குகள் குடியிருக்கின்றன. வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றுவது உரிமையைக் கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நம்ம ஊரில் "பட்டா இருக்கே, அப்புறம் என்ன?" என்பது இன்னும் மாறவில்லை.

சேத்தூரும் குமாரசாமி ராஜாவும்

இது ரயத்துவாரிக் கிராமங்களின் கதை. ராஜபாளையத்துக்குத் தெற்கே சேத்தூர் ஜமீன் இருந்தது. ஜமீன் நிலத்தில் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவில் ஜமீன்தார். பட்டா கொடுத்தவரும் அவர், பதிலுக்கு முச்சலிக்கா எழுதி வாங்கியவரும் அவர். 1908-இன் எஸ்டேட் நிலச் சட்டம் உழுகிற குடிக்கு அனுபோக உரிமையை உறுதி செய்தது. ஆனால் கணக்கு ஜமீன் கச்சேரியில்தான்.

1948-இன் 26-ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி ஆக்கியது. அது 1949 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நில ஆவணம் படிக்கிறவருக்கு அவருடைய ஆட்சிக் காலம், 1949 முதல் 1952 வரை, இன்னொரு விதத்தில் முக்கியம். ஜமீன் எஸ்டேட்டுகளை வரிசையாக அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது அப்போதுதான். எடுத்த நிலத்தை அளந்து, உழுதவருக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுக்க வேண்டும். காடுகள் அரசுக்கு. ஒழிப்பு வருகிறது என்று தெரிந்ததும் காட்டை வெட்டி விற்கும் ஆபத்து இருந்ததால், அதே 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அப்படிப்பட்ட காட்டை முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

ஆகவே, பழைய ஜமீன் பகுதியில் தோப்பு வாங்குகிறவருக்கு 1949 ஒரு கோடு. அதற்கு முந்தைய காகிதம் ஜமீன் காகிதம். அதற்குப் பிறகு வந்த செட்டில்மென்ட் பட்டாவோடு அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தால், "ஜமீன் காலத்துலேர்ந்து எங்களோடதுதான்" என்ற பேச்சு மட்டும்தான் மிஞ்சும்.

பத்திர ஆபீஸ் எதைப் பதிகிறது?

வருவாய்த் துறை நிலத்தைப் பார்க்கிறது. பதிவுத் துறை காகிதத்தைப் பார்க்கிறது. 1864-இல் ஒரு பதிவுச் சட்டம் வந்து, பிறகு திருத்தங்களுக்கு உட்பட்டு, இப்போது இருப்பது 1908-இன் 16-ஆம் சட்டம். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்கப் பதிவான பத்திரம் கட்டாயம். அந்தக் காலத்தில் 100 ரூபாய் சின்னத் தொகை அல்ல. அதற்குக் குறைந்த மதிப்புள்ள துண்டுகளை நேரில் ஒப்படைத்தாலே போதும். அதனால் பழைய சிறு துண்டுகள் பலவற்றுக்கு முதல் பத்திரமே இருக்காது.

சார்பதிவாளரின் வேலை, இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதைச் சாட்சியோடு பதிவது. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று தீர்ப்பு சொல்வது அவர் வேலை அல்ல. இது மக்களுக்கு நம்பவே முடியாத விஷயம். "பிறகு எதுக்கு இவ்வளவு ஸ்டாம்ப் டியூட்டி?" என்பார்கள். முத்திரைத் தீர்வை அரசின் வருமானம். இப்போது விற்பனைக்குக் கட்டும் 7 சதவீதத்தில் 5 முத்திரைத் தீர்வை, 2 உள்ளாட்சிக்குப் போகும் மாற்று வரி. அதற்கு மேல் 2 சதவீதம் பதிவுக் கட்டணம். உரிமைக்கான உத்தரவாதத்துக்கு இதில் ஒரு பைசாகூட இல்லை.

போலிப் பத்திரங்கள் பெருகியபோது தமிழக அரசு இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. 2022-இல் மாவட்டப் பதிவாளருக்கே போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரம் கொடுத்து 77-அ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே 2022-இல் வந்த பதிவு விதி 55-அ, முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு 1908 சட்டத்தில் இல்லை என்று சொல்லி அந்த விதியை நீக்கியது. கே. கோபி எதிர் சார்பதிவாளர் வழக்கு அது, நம்ம தமிழ்நாட்டு வழக்குதான். "அது எங்க வேலை இல்ல" என்று கவுண்டரில் சொன்னதை நாட்டின் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அப்படியே சொல்லிவிட்டது.

வில்லங்கச் சான்றுக்கும் இதே எல்லை. பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவாகாத குடும்பப் பாகப்பிரிவினை வராது. உயில் தனிப் புத்தகத்தில் இருப்பதால் அதுவும் வராது. வாரிசுரிமை வரவே வராது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு, அதற்கு முன் கல்யாணமானவர்கள் தவிர. 2005-இன் மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. அண்ணன் தம்பிகள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, வில்லங்கமும் சுத்தமாக இருந்து, சிவகாசியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போகலாம். அவருடைய பங்கு மட்டும் நிலத்தில் இருக்கும். வாங்குகிறவருக்கு அது வில்லங்கம், அவருக்கு அது உரிமை. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

1980: கர்ணம் போனார், கணக்கு மாறியது

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் முக்கியமான பத்தாண்டு 1979 முதல் 1987 வரை.

அதுவரை கிராமத்து நிலக் கணக்கு கர்ணம் கையில். கணக்கப்பிள்ளை என்றும் சொல்வோம். முன்சீப் வரி வசூலிப்பார், கர்ணம் எழுதுவார். பல கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம். பரம்பரை வழியில் இந்தப் பதவியைக் கொடுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று ஆந்திர வழக்கொன்றில் 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழகமும் 1968-இல் பரம்பரை முறையைச் சட்டப்படி எடுத்தது. ஆனாலும் ஆட்கள் பெரும்பாலும் அவர்களேதான். எந்த வயல் யார் கையில் இருக்கிறது, எந்தப் பாகப்பிரிவினை திண்ணையில் பேசி முடிந்தது, எந்த வரப்பு எந்தச் சண்டையில் நகர்ந்தது என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அது அவருடைய பலம், அவருடைய அதிகாரம், சில ஊர்களில் அவருடைய அட்டூழியமும்.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளை மொத்தமாக ஒழித்தது. கர்ணம், முன்சீப் எல்லாரும் ஒரே நாளில் வீட்டுக்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-இல் கே. ராஜேந்திரன் வழக்கில் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. அவர்கள் இடத்துக்கு முழுநேர அரசு ஊழியராக கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நாம் வி.ஏ.ஓ. என்று சொல்கிறவர்.

இதே நேரத்தில்தான் யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. தொடங்கியது 1979, முடிந்தது 1987. நோக்கம் நியாயமானது. கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடந்த பட்டாக்களை எடுத்து, நிலத்தில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், உட்பிரிவு போட வேண்டும். மாநிலம் முழுக்க, கிராமம் கிராமமாகச் செய்தார்கள். ஆனால் விஷயம் தெரிந்த ஆள் கணக்கை விட்டுப் போன நேரமும், கணக்கைப் புதிதாக எழுதிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

விளைவு, "யூ.டி.ஆர். பிழை" என்ற சொல். இன்றும் தாலுகா ஆபீஸ் மனுக்களில் தினமும் எழுதப்படுகிற சொல் அது. கூட்டுப் பட்டாவில் ஒரு அண்ணன் பெயர் விட்டுப்போனது. வடக்குப் பாதி தெற்குப் பாதி ஆனது. பட்டா நிலம் புறம்போக்கு என்றோ அனாதீனம் என்றோ எழுதப்பட்டது. அளக்க வந்த அன்றைக்கு ஊரில் இருந்தவர் பெயர் ஏறியது. பம்பாயிலோ கொழும்பிலோ பிழைக்கப் போயிருந்தவர் பெயர் இறங்கியது. கணவன் இறந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆபீஸ் வாசல் மிதிக்காத பெண்களின் நிலம் கொழுந்தன் பெயருக்குப் போனது. இப்படிப் பிழையாக ஏறிய பெயர் நாற்பது ஆண்டாகக் கம்ப்யூட்டரிலும் ஏறி, இணையத்தில் பட்டாவாகப் பளிச்சென்று வருகிறது. பார்க்கிறவருக்கு அது பழைய தப்பு என்று தெரியாது.

யூ.டி.ஆர். பிழையைத் திருத்தும் மனு விருதுநகரில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும். அவர் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். இரண்டு பேர் உண்மையிலேயே உரிமை கொண்டாடினால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் நிலம், விருதுநகரில் மேல்முறையீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கு. யாருடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே இடம் அந்தக் கோர்ட்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் கேட்டவருக்கு வயதாகிவிடும்.

ஆகவே யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டு நகலும் பழைய பட்டாவும் இல்லாமல் இப்போதைய பட்டாவை நம்பாதீர்கள். இரண்டிலும் பெயர் மாறியிருந்தால், நடுவில் ஒரு பத்திரமோ பாகமோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

விலைக்கு வராத நிலங்கள்

காகிதம் சரியாக இருந்தாலும் விற்கவே கூடாத நிலங்கள் உண்டு. இந்தப் பகுதியில் மூன்று வகையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, கோயில் நிலம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பழைய கோயில் ஊர்களில் இனாம் நிலம் இல்லாமல் இருக்காது. கம்பெனி ஆட்சியின் முடிவில், 1858-இல், இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்துச் சீட்டுக் கொடுத்தது. கோயிலுக்குச் சொந்தம் மேல்வாரம் மட்டுமா, அதாவது வரிப் பங்கு மட்டுமா, இல்லை நிலமேவா என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை வழக்கு. 1963-இன் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் யாருக்கு ரயத்துவாரிப் பட்டா என்று விசாரித்து முடிவு செய்தன. கோயில் நிலம் என்று முடிவானதை, 1959-இன் அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் ஒரு சர்வே நம்பருக்கு பூஜ்யம் போட்டிருந்தால், அங்கே ஏதோ தடை இருக்கிறது என்று பொருள். விலை மலிவு என்று பொருள் அல்ல.

இரண்டு, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-இல் அரசு அந்த மக்களுக்கு நிலம் ஒப்படை செய்ய உத்தரவிட்டது. பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அது பின்னால் மாகாணம் முழுவதும் பரவியது. இந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில். பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் நிபந்தனை ஒப்படை என்று ஒரு வரி இருக்கும், புதிய கணினிப் பட்டாவில் அது காணாமல் போயிருக்கும். வாங்குகிறவர் தன் பணம் போகுமே என்று கவலைப்படுவார். அந்த நிலத்தை முதலில் இழந்தவரின் பேரன் பேத்திகள் பக்கத்துக் காலனியிலேயே இருப்பார்கள். இது வெறும் ஆவணச் சிக்கல் இல்லை.

மூன்று, மலையும் தண்ணீரும். மேற்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அடிவாரத்தில் "வியூ சூப்பரா இருக்கும்" என்று காட்டும் தோப்புக்கு வனத்துறை எல்லை எங்கே என்பது முதல் கேள்வி. கண்மாய், ஓடைப் புறம்போக்கை ஒட்டிய மனை என்றால் 1905-இன் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நினைவில் இருக்கட்டும். பத்து வருஷம் மழை பெய்யாவிட்டால் ஓடை மனையாகத் தெரியும். பதினோராவது வருஷம் ஓடைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

பஞ்சாயத்து அப்ரூவல்

இந்த வரிசையில் கடைசியாக வந்தது லேஅவுட் அனுமதி. சென்னை மாகாணத்துக்கு 1920-லேயே நகரமைப்புச் சட்டம் உண்டு. இப்போதிருப்பது 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம். ஆனால் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் சீலும் இருந்தால் போதும் என்று பல்லாயிரம் மனைப்பிரிவுகள் வயல்களில் கல் ஊன்றின. பத்திர ஆபீஸ் பதிந்தது, ஏனென்றால் அனுமதி பார்ப்பது அதன் வேலை இல்லை. வருவாய்த் துறை பட்டா கொடுத்தது, ஏனென்றால் லேஅவுட் அதன் வேலை இல்லை.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. மாநிலம் முழுக்கப் பத்திர ஆபீஸ்கள் வெறிச்சோடின. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவை கட்டணம் கட்டி வரன்முறை செய்யலாம் என்று. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. அதே 2017-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் அங்கே பதிவாக வேண்டும். இந்த மாற்றத்தில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் பெரிய முதலீட்டாளர்கள் அல்ல. மில்லில் வேலை பார்த்து, மாதத் தவணையில் மூன்று சென்ட் வாங்கி, மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள்தான்.

வேறு இடங்களில்?

வேறு மாதிரியும் செய்யலாம். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858-இல் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அரசு உத்தரவாதம். மலாய் நாடுகளுக்கு அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே போய்விட்டது. இலங்கையும் 1998-இன் உரிமைப் பதிவுச் சட்டத்தின் மூலம் அந்தப் பக்கம் நகர்ந்தது. இந்தியாவில் பேச்சு நடக்கிறது, வேகம் இல்லை. ஆந்திரா 2022-இல் நில உரிமைச் சட்டம் இயற்றி 2023-இல் நடைமுறைப்படுத்தியது. உரிமையை அதிகாரி முடிவு செய்வார், சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது என்ற பயம் 2024 தேர்தலில் பெரிய பிரச்சினையாகி, புதிய அரசு வந்ததும் சட்டத்தையே ரத்து செய்தது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். உத்தரவாதம் கொடுக்கும் நாளில் பதிவேட்டில் எந்தப் பிழை இருக்கிறதோ, அது நிரந்தரமாகிவிடும். யூ.டி.ஆரில் விட்டுப்போன விதவையும், பாகத்தில் பெயர் இல்லாத தங்கச்சியும், பஞ்சமி நிலத்தை இழந்த குடும்பமும் அதற்குப் பிறகு கேட்கவே முடியாது. இப்போதைய குழப்பம் வாங்குகிறவருக்குத் தொல்லை. ஆனால் அந்தக் குழப்பத்தின் இடுக்கில்தான் காகிதம் இல்லாதவர்களின் கடைசிக் கதவும் இருக்கிறது. பழைய பிழைகளைத் திருத்தாமல் அந்தக் கதவைச் சாத்துவது சீர்திருத்தம் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஆபீஸிலும் அது எதற்காகப் பிறந்ததோ அந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். சார்பதிவாளரிடம்: இந்தச் சர்வே நம்பரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது? இணையத்தில் 1975-க்குப் பிந்தையதுதான் கிடைக்கும், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் கைமுறை வில்லங்கம் போடுங்கள். தாலுகா ஆபீஸில்: பழைய 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு, யார் பெயர், குறிப்புப் பத்தியில் என்ன? சர்வேயரிடம்: புலப்படத்தில் உள்ள அளவு நிலத்தில் இருக்கிறதா? நகர் ஊரமைப்பில்: அனுமதி எண் என்ன? அறநிலையத்துறையில்: இந்த நம்பர் உங்கள் பட்டியலில் உண்டா? "இது யாருடையது?" என்று எந்த ஆபீஸிலும் கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில், நல்லெண்ணத்தில் சொன்னதாக இருந்தாலும், அவர்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

அந்தக் கேள்வியை நிலத்துக்குப் பக்கத்தில் கேளுங்கள். நாலு பக்கத்து வரப்புக்காரர்கள், டீக்கடை, ஆடு மேய்க்கிற பெரியவர். "அண்ணாச்சி, இந்தத் தோட்டத்த முன்னால யாரு வச்சிருந்தாங்க? அவங்க வீட்ல பொம்பளப் பிள்ளைக எத்தன பேரு?" கர்ணத்தோடு போய்விட்ட கணக்கில் கொஞ்சம் அங்கேதான் மிச்சம் இருக்கிறது.

ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய பட்டா, வரி ரசீது, முச்சலிக்கா, பாகப்பட்டியல் எதையும் "கம்ப்யூட்டர் பட்டா வந்துருச்சே" என்று தூக்கிப் போடாதீர்கள். 1979-க்கு முந்தைய ஒரு கிழிந்த தாள் உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பத்து வருஷத்தை மிச்சப்படுத்தலாம். செல்லில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டு, தாளையும் பத்திரமாக வையுங்கள்.